கர்ப்பிணியிடம் மதுவைப் பற்றி எப்படிக் கேட்கிறீர்கள்? (நர்ஸ், மிட்வைஃப், வி.எச்.என் எல்லோரும் வாருங்கள்)

நைட்_டூட்டி

நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். ஊர் தஞ்சாவூர் பக்கம், வேலை வட இங்கிலாந்தில், மிட்வைஃப், அதாவது கர்ப்பிணிகளைக் கவனித்துப் பிரசவம் பார்க்கும் நர்ஸ் மாதிரி. இங்கே கர்ப்பம் என்று தெரிந்ததும் பத்து வாரத்துக்குள் புக்கிங் என்று ஒரு முதல் சந்திப்பு வைப்போம். பழைய பிரசவம், சர்க்கரை, பிரஷர், வீட்டில் அடி உதை உண்டா என்பது வரைக்கும் கேட்போம். மதுவும் அந்தப் பட்டியலில் உண்டு. அதற்கு ஆடிட்-சி என்று மூன்று கேள்விகள்: எவ்வளவு அடிக்கடி, குடிக்கும் நாளில் எவ்வளவு, ஒரேயடியாக நிறையக் குடிப்பது எத்தனை தடவை.

கேள்விகளில் குறையில்லை. கேட்கும் ஆளிடம்தான் கோளாறு. சேலை கட்டிக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண், பக்கத்தில் கணவர் அல்லது மாமியார். கூட வேலை பார்ப்பவர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இந்தியப் பெண், குடிக்கமாட்டாளாம். அடுத்து பச்சை குத்திய கையோடு ஒரு பத்தொன்பது வயது வெள்ளைக்காரப் பெண் வருவாள், அவளிடம் அதே கேள்வி மூன்று விதமாக, ஒவ்வொரு விஸிட்டிலும், போலீஸ் விசாரணை மாதிரி. ஒருத்தியைக் கேட்காமலே விடுவதும் இன்னொருத்தியைக் குடைந்து எடுப்பதும் ஒரே முன்முடிவிலிருந்து வருவதுதான், நமக்கு வசதியான முகத்தைப் போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

தமிழில் கேட்கும்போது இன்னும் மோசம். "கெட்ட பழக்கம் ஏதும் இல்லையேம்மா?" என்றுதானே நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம்? கெட்ட என்றும் சொல்லியாயிற்று, இல்லையே என்றும் முடித்தாயிற்று. இதற்கு "ஆமாம் சிஸ்டர், இருக்கு" என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்? வார்த்தைக்கு வார்த்தை எழுதினால் நல்லது. இங்கே தமிழ் பேசும் நர்ஸ்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி நடத்தச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குத்தான்.

கறார்_கந்தசாமி

நான் நர்ஸ் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பன், அந்த உரிமையில் சொல்கிறேன். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு குடிக்கிறவளிடம் என்ன நாசூக்கு வேண்டிக்கிடக்கிறது? நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டால்தான் புத்தி வரும். வெட்கம், பயம் இரண்டும் போய்விட்டால் அப்புறம் எதுதான் தடுக்கும்? தவிர, இது உங்கள் ஊர்ப் பிரச்சினை. நம் பக்கத்தில் எந்தப் பெண் குடிக்கிறாள்? ஆண்கள் குடிப்பதை நிறுத்த வழியைப் பாருங்கள் முதலில்.

மலையோர_வி.எச்.என்

கந்தசாமி அண்ணா, கடைசி வரிக்கு என் இரண்டு கையையும் தூக்குகிறேன். மற்றதற்குப் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் மலையடிவாரத்தில் கிராம சுகாதார செவிலியர். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் மது அருந்துபவர்கள் 1.3 விழுக்காடு. அருணாச்சலப் பிரதேசத்தில் 24, சிக்கிமில் 16. தமிழ்நாட்டில் ஒரு விழுக்காடுகூட இல்லை. நீங்கள் சொல்வது சரி மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியை வீட்டுத் திண்ணையில் வைத்து, மாமியார் முறம் புடைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டால் யார் ஒத்துக்கொள்வார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். குறைவாகத்தான் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குறைவு என்பதாலேயே கேட்காமல் விட்டால், இருக்கிற அந்தச் சிலர் யார் என்று கடைசி வரை தெரியாது.

என் ஏரியாவில் ஒரு பெண், ஊர் பெயரெல்லாம் வேண்டாம். கூலி வேலை. புருஷனும் அவளும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஒரு குவார்ட்டரைப் பகிர்ந்துகொள்வார்கள், உடம்பு வலிக்கு என்று. முதல் குழந்தை எடை குறைவு, இரண்டாவதும் வயிற்றில் வளர்ச்சி பத்தவில்லை என்று ஸ்கேனில் வந்தது. பி.எச்.சி.யில் செக்கப் நாளன்று வரிசையில் நிற்க வைத்து எல்லோரிடமும் கேட்பது போல அவளிடமும் கேட்டார்கள், இல்லை என்று சொல்லிவிட்டாள். கார்டிலும் இல்லை என்றே இருந்தது. ஒருநாள் வீட்டுக்குப் போயிருந்தேன், மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "வேலை முடிஞ்சு வந்தா உடம்பு என்ன பண்ணுது, எப்படித் தூங்குறே" என்று ஆரம்பித்தேன். மதுவைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அவளே சொன்னாள். சொல்லிவிட்டு உடனே கேட்டது என்ன தெரியுமா? "அக்கா, இதை எழுதிட்டா முத்துலட்சுமி பணம் வராதா?"

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, அந்த 18,000 ரூபாய். அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அவள் அத்தனை மாதமும் வாயைத் திறக்காததற்கு வெட்கம் பாதி, இந்தப் பயம் பாதி. நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டுத்தான் அண்ணா அவள் மறைத்தாள்.

ரிட்டயர்டு_டாக்டர்

ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவன். கர்ப்பத்தில் தாய் குடிப்பதால் குழந்தைக்கு ஒரு நோய் வரும், பலருக்கு அதன் பெயரே புதிதாக இருக்கும் என்பதால் கொஞ்சம் அடிப்படை சொல்லிவிடுகிறேன்.

தாய் குடிக்கும் மது நச்சுக்கொடி வழியாக அப்படியே குழந்தைக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் தாயின் ரத்தத்தில் இருக்கும் அளவு ஏறத்தாழ குழந்தையின் ரத்தத்திலும் இருக்கும். ஆனால் அதை முறித்து வெளியேற்றுவதற்கான நொதிகள் குழந்தையின் கல்லீரலில் இன்னும் போதிய அளவு உருவாகியிருக்காது. பனிக்குட நீரிலும் மது தங்கிவிடும். ஆக, தாய்க்குத் தெளிந்த பிறகும் குழந்தை அதிலேயே ஊறிக்கொண்டிருக்கும்.

பிரான்சில் நாந்த் நகரத்தின் பால் லெமுவான் 1968ல் குடிப்பழக்கம் உள்ள பெற்றோரின் 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1973ல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் இருவரும் 'லான்செட்' இதழில் இதற்கு ஃபீட்டல் ஆல்கஹால் சின்ட்ரோம் என்று பெயர் வைத்தார்கள். கண் திறப்பு சிறியதாக இருப்பது, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் மழுங்கியிருப்பது, மேலுதடு மெலிந்திருப்பது, இவைதான் முகத்தில் தெரியும் அடையாளம். ஆனால் இந்த முகம் சிலருக்குத்தான் வரும். முகம் உருவாகும் ஆரம்ப வாரங்களில் மது போனால் முகத்தில் தெரியும். மூளையோ ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது, எப்போது போனாலும் அடி அங்கேதான். அதனால்தான் பிற்பாடு, முகத்தில் தெரிவது, தெரியாதது எல்லாவற்றையும் சேர்த்து எஃப்.ஏ.எஸ்.டி (ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர்) என்று பெரிய குடையாக வைத்தார்கள்.

முகத்தில் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் என்ன ஆவார்கள்? பள்ளிக்கூடத்தில் "நேத்து சொல்லிக்கொடுத்ததை இன்னைக்கு மறந்துட்டான்", "கணக்கு ஏறவே மாட்டேங்குது", "அடிச்சாலும் அதே தப்பைத் திரும்பச் செய்றான்" என்று பேர் வாங்குவார்கள். என்னிடம் அப்படிப் பல பிள்ளைகள் வந்தார்கள், கர்ப்பகாலத்தைப் பற்றிய குறிப்பில் மது பற்றி ஒரு வரிகூட இருக்காது. அந்த வரி இல்லாவிட்டால் நோயைக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். முக அடையாளம் இல்லாத பிள்ளைக்கு, தாய் குடித்தாளா என்ற தகவல்தான் ஒரே நூல். அதை வாங்கித்தர வேண்டியது கர்ப்பகாலத்தில் பார்த்த நர்ஸ்.

உலக அளவில் ஒரு கணக்கு இருக்கிறது, 2017ல் வந்தது: கர்ப்பகாலத்தில் குடிக்கும் பெண்கள் சுமார் 10 விழுக்காடு, அவர்களில் 13 பேருக்கு ஒருவர் வீதம் இந்தப் பாதிப்புள்ள குழந்தை. பிறந்த பிறகு மருந்து கிடையாது. பயிற்சி கொடுக்கலாம், பள்ளியில் சலுகை வாங்கிக்கொடுக்கலாம், அவ்வளவுதான்.

கறார்_கந்தசாமி

டாக்டர் ஐயா சொல்வதைப் படித்தால் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது. இவ்வளவு கெடுதல் என்றால் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதுதானே? அமெரிக்காவில் பிடித்து உள்ளே வைக்கிறார்களாமே.

நைட்_டூட்டி

வைக்கிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் 1997லிருந்து அப்படி ஒரு சட்டம் உண்டு, கர்ப்பிணி கட்டுப்பாடே இல்லாமல் தொடர்ந்து குடிக்கிறாள் என்று தெரிந்தால் நீதிமன்றம் அவளைப் பிடித்துவைக்கலாம். வேறு பல மாநிலங்களில் கர்ப்பகாலத்தில் குடிப்பதைக் குழந்தைக் கொடுமை என்றே சட்டத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். பலன் என்ன என்று 1972 முதல் 2013 வரையிலான பிறப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். இப்படிச் சட்டம் வந்த இடங்களில் எடை குறைந்த குழந்தைகளும் குறைமாதப் பிரசவங்களும் கூடியிருந்தன, செக்கப்புக்கு வருவது குறைந்திருந்தது. ஏன் என்று பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் மாட்டிக்கொள்வோம் என்றால் யார் போவார்கள்? செக்கப்புக்கே வராதவளுக்கு இரும்புச் சத்து மாத்திரையும் போகாது, பிரஷரும் பார்க்க முடியாது, மதுவை நிறுத்தச் சொல்லவும் முடியாது. எல்லாம் சேர்ந்து போய்விடும்.

இங்கேயும் ஒரு கூத்து நடந்தது. 2020ல் நைஸ் என்ற, இங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் அமைப்பு ஒரு வரைவு கொண்டுவந்தது, கர்ப்பகாலத்தில் தாய் எவ்வளவு குடித்தாள் என்ற தகவலைப் பிள்ளையின் மருத்துவப் பதிவேட்டுக்கு மாற்ற வேண்டும் என்று. டாக்டர் ஐயா சொன்ன காரணம்தான், பிற்பாடு கண்டுபிடிக்க உதவும் என்பதற்காக. ஆனால் பெண்கள் அமைப்புகள் கொதித்துவிட்டன. தாயிடம் கேட்காமல் எப்படி மாற்றலாம், அப்புறம் எவள் உண்மை சொல்வாள் என்று. 2022 மார்ச்சில் இறுதி வடிவம் வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். குடிக்காமல் இருப்பதே நல்லது என்று கர்ப்பகாலம் முழுக்கச் சொல்ல வேண்டும், கேட்டுப் பதிந்துகொண்டே வர வேண்டும், இந்த இரண்டும் நின்றது. டாக்டர் ஐயா இதில் என்னோடு ஒத்துப்போவாரா தெரியவில்லை.

ரிட்டயர்டு_டாக்டர்

முழுக்க ஒத்துப்போகவில்லை அம்மா. எட்டு வயதில் ஒரு பையனை வைத்துக்கொண்டு அல்லாடும்போது அந்தத் தகவல் பொன் மாதிரி. சம்மதம் கேட்டு வாங்கி எழுதுங்கள் என்பேன். தாயிடம் ஏன் எழுதுகிறோம், யார் யார் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு எழுதினால் பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். ஆனால் கேட்காமல் எழுதுவது தப்பு என்பதில் சந்தேகம் இல்லை.

ஹட்டன்_பக்கம்

வணக்கம். நான் இலங்கையில் மலையகத்தில் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கிறேன். இந்தக் கதை எங்களுக்குப் புதிதில்லை. தேயிலைத் தோட்டத்தில் லயன் வீட்டில், அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீட்டில் பத்தடி அறை, பக்கத்து அறையில் இருமினால் இங்கே கேட்கும். அங்கே போய் நின்றுகொண்டு குடிக்கிறீர்களா என்று கேட்டால் பின்னேரம் தோட்டம் முழுக்க அந்தக் கதைதான். அதனால் நான் வீட்டில் வைத்துக் கேட்பதே இல்லை. கிளினிக்கில் எடை பார்க்கும்போது திரைக்குப் பின்னால் தனியாகக் கதைப்பேன். கொழுந்து எடுக்கிற பிள்ளைகள் விடியற்காலையிலிருந்து குளிரிலும் மழையிலும் நிற்கிறார்கள், அட்டை கடிக்கும். வேலை முடிந்து புருஷன் வாங்கி வந்ததில் ஒரு வாய் குடிப்பதை அவர்கள் குடி என்றே நினைப்பதில்லை. "குடிக்கிறீங்களா" என்றால் இல்லை என்பது அவர்களுக்குப் பொய்யே இல்லை. "குளிருக்கு என்ன செய்வீங்க" என்று கேட்டால் தானாக வரும்.

ஒன்று முக்கியமாகச் சொல்ல வேண்டும், நர்ஸ்மார் பலர் இதில் சறுக்குகிறார்கள். தினமும் நிறையக் குடிக்கிற பெண்ணிடம் "இன்றைக்கே நிறுத்து" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கசிப்பு (கள்ளச்சாராயம்) மாதிரிச் சாமானைத் தினம் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பே வரலாம். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அப்படியானவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும், உலக சுகாதார நிறுவனம் 2014ல் கொடுத்த வழிகாட்டலிலும் இது இருக்கிறது. பயமுறுத்தி வைத்தால் அந்தப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டில் தானே நிறுத்திப் பார்ப்பாள். எங்கள் பகுதியில் ஒருவர் அப்படி நிறுத்திப்போட்டு வலிப்போடு வந்தார். கர்ப்பத்தால் வரும் வலிப்பு என்று நினைத்து பிரஷரைத்தான் முதலில் பார்த்தார்கள்.

முகமூடி_கணக்கு

இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் புதிதாகக் கணக்குத் தொடங்கி எழுதுகிறேன். சென்னையில் ஐ.டி. வேலை. இப்போது ஒன்பதாவது வாரம். தெரிந்தது ஏழாவது வாரத்தில்தான். அதற்கு முன்னால் ஒரு டீம் பார்ட்டியிலும் ஒரு கல்யாண ரிசப்ஷனிலும் குடித்தேன், ஒன்றிரண்டு கிளாஸ் இல்லை, கொஞ்சம் அதிகமாகவே. தெரிந்ததிலிருந்து தொடவில்லை. டாக்டரிடம் சொல்லலாம் என்று போனேன், உள்ளே போனதும் அங்கிருந்த நர்ஸ், "ஸ்மோக்கிங் டிரிங்கிங் எல்லாம் இல்லதானே" என்று என் மாங்கல்யத்தைப் பார்த்துக்கொண்டே எழுதிவிட்டார். எனக்கு வாய் வரவில்லை. ராத்திரி எல்லாம் நெட்டில் அந்த முகப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கலைத்துவிடலாமா என்றுகூட யோசனை வருகிறது. தயவுசெய்து திட்டாமல் யாராவது பதில் சொல்லுங்கள்.

ரிட்டயர்டு_டாக்டர்

அம்மா, முதலில் அந்தப் படங்களை மூடிவையுங்கள்.

எவ்வளவு மது, எப்போது, எத்தனை தடவை, தாயின் சத்து நிலை, மரபு எல்லாம் சேர்ந்துதான் பாதிப்பு வருமா வராதா என்பதை முடிவு செய்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவு யாரும் சொல்ல முடியாது, அதனால்தான் வேண்டாம் என்கிறோம். அதே சமயம், தெரிவதற்கு முன்னால் குடித்த பெண்கள் உலகம் முழுக்க ஏராளம், அவர்களில் பெரும்பாலோரின் குழந்தைகளுக்கு இந்தப் பாதிப்பு இல்லை. தெரிந்ததும் நிறுத்தினீர்களே, அதுதான் இப்போது செய்யக்கூடியதிலேயே பெரிய காரியம். மூளை வளர்ச்சி பிரசவம் வரை நடக்கிறது என்று மேலே பயமுறுத்துவது போலச் சொன்னேன், அதை இப்படியும் படியுங்கள்: மதுவே இல்லாத மாதங்கள் இன்னும் ஏழு மிச்சம் இருக்கின்றன.

கலைப்பது பற்றி முடிவெடுப்பது உங்கள் உரிமை, ஆனால் இந்தப் பயம் ஒன்றை மட்டும் வைத்து எடுக்காதீர்கள். ஸ்கேனில் இந்தப் பாதிப்பு இருக்கிறது இல்லை என்று சொல்ல முடியாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள், யாராவது ஸ்பெஷல் ஸ்கேன் என்று காசு பிடுங்கினால் ஏமாறாதீர்கள். ஃபோலிக் ஆசிட் போடுங்கள். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நைட்_டூட்டி

நான் இதோடு ஒன்று சேர்க்கிறேன். நேரில் வாய் வரவில்லை என்றால் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: "கர்ப்பம் தெரிவதற்கு முன்னால் இந்த இந்த வாரத்தில் குடித்தேன், இப்போது இல்லை, இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்." இங்கே என்னிடம் நிறையப் பேர் போனில் டைப் செய்து காட்டுவார்கள், எனக்கு அது ரொம்பச் சௌகரியம். ராத்திரி தூக்கமில்லாமல் பயம் கூடினால் 14416, டெலிமானஸ், அரசாங்க மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள். உங்கள் கேள்விக்கு யாரும் இங்கே திட்டமாட்டார்கள், திட்டினால் மாடரேட்டர் பார்த்துக்கொள்வார்.

அந்த நர்ஸ் செய்ததைத்தான் முதல் பதிவில் சொன்னேன், கேட்பது போலக் கேட்டுக் கதவைச் சாத்துவது. மாங்கல்யம் பார்த்து எழுதுவது!

கறார்_கந்தசாமி

தங்கச்சி, நான் திட்டவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா.

ஆனால் மற்றவர்களிடம் என் கேள்வி அப்படியே இருக்கிறது. இந்தப் பொண்ணு தெரியாமல் குடித்தது, தெரிந்ததும் நிறுத்திவிட்டது. தெரிந்தும் நிறுத்தாதவளுக்கும் இதே மரியாதையா?

கேப்_காற்று

அதே மரியாதைதான், அவளுக்குத்தான் இன்னும் கூடுதலாக வேண்டும். நான் தென்னாப்பிரிக்காவில் பொதுச் சுகாதாரம் படித்தவள், இந்த நோய் உலகத்திலேயே அதிகம் பதிவான நாடு அது.

அங்கே மேற்குக் கேப் பகுதியில் திராட்சைத் தோட்டங்களில் 'டாப்' முறை என்று ஒன்று இருந்தது. கூலியின் ஒரு பகுதியை ஒயினாகவே கொடுப்பது, ஒரு நாளைக்குப் பல தடவை டம்ளரில் ஊற்றிக் கொடுப்பது. தலைமுறை தலைமுறையாக. சட்டத்தில் தடை வந்த பிறகும் 1990கள் வரை சில தோட்டங்களில் மறைமுகமாக நடந்துகொண்டிருந்தது. அது போன பிறகும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. சனிக்கிழமை கூலி, சனிக்கிழமை குடி, ஒரே இரவில் மூச்சு முட்டக் குடிப்பது. அதுதான் கருவுக்கு ஆக மோசமான விதம். இப்போது சொல்லுங்கள் கந்தசாமி சார், அந்தப் பெண் கர்ப்பமாக இருக்கும்போது குடித்தால் குற்றவாளி யார்? டம்ளர் நீட்டிய முதலாளியை யாரும் ஆஸ்பத்திரி வரிசையில் நிறுத்திக் கேட்டதில்லை.

வடக்குக் கேப்பில் டி ஆர் என்று ஒரு ரயில்வே ஊர். அங்கே முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதித்துப் பார்த்தபோது எண்ணிக்கை பயங்கரமாக இருந்தது. மதுவால் வரும் பாதிப்புகளை ஆராயும் ஃபார் என்ற அமைப்பு அங்கே வேலை செய்தது. ஊர் முழுக்க விஷயத்தைச் சொல்வது, கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்துப் பேசுவது. ரேடியோவில், கிளினிக்கில், தேவாலயத்தில் எல்லா இடத்திலும். இந்த நோயோடு பிறந்த பிள்ளைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2012ல் ஆய்வு வந்தது. யாரையும் பிடித்து உள்ளே வைக்கவில்லை.

தெரிந்தும் நிறுத்த முடியாதவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதற்குச் சியாட்டிலில் 1991லிருந்து நடக்கும் ஒரு திட்டம்தான் எனக்குப் பிடித்தது. மூன்று வருடம் ஒரே ஆள் ஒரே தாயைப் போய்ப் பார்ப்பார். மறுபடி குடித்துவிட்டாலும் பெயரை அடிக்கமாட்டார்கள். வீடு, டாக்டர், குடும்பக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் கூடவே போவார். வான்கூவரில் 1993ல் தொடங்கிய ஷீவே என்ற இடத்தில் கர்ப்பிணிகளுக்கு மதியச் சாப்பாடு சூடாகப் போடுவார்கள், நிறுத்தினால்தான் சோறு என்று நிபந்தனை கிடையாது. சாப்பிட வருகிறவள் அப்படியே நர்ஸைப் பார்ப்பாள், ரத்தம் கொடுப்பாள். அரை பாட்டில் கால் பாட்டிலாகக் குறைந்தாலும் அந்தக் குழந்தைக்கு லாபம்தான்.

குடும்பக் கட்டுப்பாடு என்றதும் ஞாபகம் வந்தது. குடியை விடத் தயாராக இல்லாத பெண் கர்ப்பத்தைத் தள்ளிப்போடத் தயாராக இருக்கலாம். அதுவும் தடுப்புதான், நம் ஊரில் அதை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மலையோர_வி.எச்.என்

கேப் அக்கா சொன்னது ரொம்பச் சரி. என் பெண்ணுக்கும் (மேலே சொன்னவள்) முதலில் குறைந்தது அளவுதான். புருஷனையும் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் நடந்தது, அவன் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவருவதை நிறுத்தினான். அவள் தனியாகக் கடைக்குப் போய் வாங்கப் போவதில்லை. திட்டியிருந்தால் அவனும் அடுத்த செக்கப்புக்கு அனுப்பியிருக்கமாட்டான்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. "குடிக்கவே மாட்டேன்" என்கிற வீட்டிலும் அரிஷ்டம் இருக்கும். பசிக்கு, வாயுவுக்கு, உடம்பு தேற என்று. அரிஷ்டம் புளித்து வருவதால் அதில் தானாகவே ஆல்கஹால் ஊறும், பாட்டிலின் லேபிளிலேயே விழுக்காடு போட்டிருப்பார்கள், பீரைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். தசமூலாரிஷ்டம் பிரசவத்துக்குப் பிறகு கொடுப்பது சகஜம். அதையே மாமியார் முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டால்? நான் இப்போதெல்லாம் "டானிக், லேகியம், கஷாயம் ஏதாவது சாப்பிடுறியா, பாட்டிலைக் காட்டு" என்று கேட்கிறேன். இதைக் கேட்பதில் ஒரு லாபம், எந்தப் பெண்ணுக்கும் கோபம் வராது, பேச்சு தானாக அந்தப் பக்கம் திரும்பும். சளிக்கு ஒரு மூடி பிராந்தி கொடுக்கிற வீடுகளும் அப்போதுதான் தெரியவரும்.

நைட்_டூட்டி

அரிஷ்டம் எனக்குத் தோன்றவே இல்லை, இங்கே தமிழ்க் கடையில் அலமாரி நிறைய விற்கிறது. பயிற்சியில் சேர்த்துவிடுகிறேன்.

நான் எழுதி வைத்திருக்கும் வாசகங்களைப் போடுகிறேன், கிழித்துத் தொங்கவிடுங்கள்.

முதலில் அனுமதி: "எல்லா அம்மாக்கள்கிட்டயும் சாப்பாடு, மருந்து, மது பத்தி சில கேள்வி கேட்கிறது வழக்கம். கேட்கலாமா?" எல்லோரிடமும் என்பது உண்மையாகவே இருக்க வேண்டும், சிலரை மட்டும் கேட்டுவிட்டு இப்படிச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்து கர்ப்பத்துக்கு முந்தைய காலம்: "பிள்ளை உண்டாயிருக்குன்னு தெரியறதுக்கு முன்னாடி, பீர், ஒயின், பிராந்தி மாதிரி ஏதாவது எப்பவாவது எடுத்துக்கறது உண்டா?" பழைய கதை என்பதால் வாய் திறப்பார்கள். அங்கிருந்து மெல்ல "தெரிஞ்சதுக்கப்புறம் எப்படி?"

ஆமாம் என்றால் முகத்தை மாற்றக் கூடாது, பேனாவை உடனே எடுக்கக் கூடாது. "சொன்னதுக்கு நன்றி" என்றுவிட்டு, "மது குழந்தைக்கு என்ன செய்யும்னு கேள்விப்பட்டிருக்கீங்க?" என்று அவர்களையே பேசவிட வேண்டும். பாதிப் பேருக்கு முக்கால்வாசி தெரிந்திருக்கும், தப்பாகத் தெரிந்திருப்பதை மட்டும் திருத்தினால் போதும். பீர்தானே, ஒயின் உடம்புக்கு நல்லதுதானே, இந்த இரண்டும்தான் அதிகம் வரும். "நிறுத்தறதுல எது கஷ்டமா இருக்கும்?" என்று கேட்டால் நாம் அறிவுரை சொல்ல வேண்டிய வேலையே பாதி குறைந்துவிடும். இதெல்லாம் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. அடுத்த விஸிட்டில் மறுபடி கேட்க வேண்டும், ஒரு தடவை கேட்டு மூடிவைப்பதில் பிரயோஜனம் இல்லை.

மொழிபெயர்க்கக் கணவரையோ மாமியாரையோ வைத்துக்கொள்ளவே கூடாது. இங்கே போனில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார்கள், காத்திருக்கச் சோம்பல்பட்டு வீட்டு ஆளையே கேட்டுவிடுகிறார்கள்.

ஹட்டன்_பக்கம்

வாசகம் நன்றாக இருக்கிறது, ஆனால் "பீர், ஒயின்" என்று தோட்டத்தில் கேட்டால் சிரிப்பார்கள். அந்தந்த இடத்தில் என்ன குடிக்கிறார்களோ அதன் பெயரைச் சொல்ல வேண்டும். நான் சாராயம், கசிப்பு, கள் என்றே சொல்வேன். பெயரை நாமே சாதாரணமாகச் சொல்லிவிட்டால் அவர்களுக்குச் சொல்வது லேசு.

கறார்_கந்தசாமி

சரி, திட்டுவதால் வேலைக்கு ஆகாது என்கிறீர்கள், வைத்துக்கொள்வோம். குடிக்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அப்புறம்? அந்த மலையோர நர்ஸம்மாவிடம் என்ன இருக்கிறது கொடுக்க? கேட்டுவிட்டு "ஐயோ பாவம்" என்று சொல்லி அனுப்புவதா?

மலையோர_வி.எச்.என்

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம் அண்ணா. எங்களில் பலர் கேட்காமல் விடுவதற்கு நிஜமான காரணமே அதுதான், ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தெரியாது. கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்கு நம் பேச்சே போதும், பெரும்பாலானவர்கள் அந்த வகைதான். தினசரி குடிப்பவர்களை மெடிக்கல் ஆபீசரிடம் சொல்லி, அங்கிருந்து மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர், தேவைப்பட்டால் தலைமை மருத்துவமனையில் அட்மிஷன். காகிதத்தில் வழி இருக்கிறது. நடைமுறையில் மனநல டாக்டர் எங்கள் பக்கம் குறிப்பிட்ட கிழமையில்தான் வருவார், அன்றைக்கு அவளுக்கு நூறு நாள் வேலை இருக்கும். போதை மறுவாழ்வு மையங்களில் பெரும்பாலும் ஆண்கள்தான், அங்கே வயிற்றுப் பிள்ளைக்காரியை எங்கே படுக்க வைப்பது? இது என் கையில் இல்லை, மேலே இருப்பவர்கள் பார்க்க வேண்டியது. என் கையில் இருப்பது அவள் அடுத்த மாதமும் என்னிடம் வருகிற மாதிரி நடந்துகொள்வது.

நைட் டூட்டி அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். கூட வந்த புருஷனையோ மாமியாரையோ சண்டை வராமல் எப்படி வெளியே அனுப்புகிறீர்கள்? "கொஞ்சம் வெளிய இருங்க" என்றாலே, "என்ன ரகசியம்" என்று முறைக்கிறார்கள்.

நைட்_டூட்டி

யூரின் டெஸ்ட். சாம்பிள் எடுக்க பாத்ரூம் காட்டுகிறேன் என்று நானே கூட்டிக்கொண்டு போவேன். அந்த வழியில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவேன். அடி உதை பற்றிய கேள்வியையும் இங்கே பலர் அப்படித்தான் கேட்கிறோம், பாத்ரூம் கதவின் உள்பக்கம் உதவி எண்கூட ஒட்டியிருக்கும்.

மலையோர_வி.எச்.என்

அருமையான யோசனை. ஒரே ஒரு சிக்கல், எங்கள் சப் சென்டர் பாத்ரூமில் தண்ணீர் வராது, எல்லோரும் பின்னால் இருக்கும் பஞ்சாயத்துக் குழாயடிக்குத்தான் போகிறார்கள், அங்கே எப்போதும் கூட்டம். எடை மெஷினை உள் அறைக்கு மாற்றிவிட்டு, "ஒருத்தர்தான் உள்ள வரலாம்" என்று போர்டு எழுதி வைத்துப் பார்க்கிறேன். அடுத்த செக்கப் செவ்வாய்க்கிழமை.